ஒரு சாண் மேலே

கரிசல்பேட்டையில் சரக்குப் பெட்டிகள் தரையிறங்க மறுத்து அந்தரத்தில் நிற்க ஆரம்பித்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், ஆனால் முதலில் நின்றது கொசுவத்திப் பெட்டிதான் என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. அனுப்பிய கம்பெனியின் லிஸ்டில் பெட்டிக்கு அறுபது என்றும் வாங்கிய கடையின் லிஸ்டில் ஐம்பது என்றும் இருந்திருக்கிறது. லோடுமேன் அதைக் கடை வாசலில் இறக்கியபோது தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. அவர் அமுக்கிப் பார்த்தார், ஏறி உட்கார்ந்து பார்த்தார், கூட வந்தவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார், இருவரும் ஆளுக்கொரு பீடி குடித்து முடித்த பிறகும் பெட்டி அசையவில்லை. கடைக்காரர் போன் போட்டுப் பேசி, ஐம்பதுதான் என்று முடிவாகி, இரண்டு லிஸ்டிலும் ஐம்பது என்று எழுதிய நிமிஷத்தில், கோழி அடைக்கு உட்காருகிற மாதிரி அந்தப் பெட்டி அவர்கள் இருவரையும் சுமந்தபடியே மெல்லத் தரையில் அமர்ந்தது. இருவரும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு அடுத்த பெட்டியை எடுக்கப் போனார்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அனுப்புகிறவர் எழுதியதும் வாங்குகிறவர் எழுதியதும் ஓர் இடத்தில் ஒத்துவராவிட்டால் பெட்டி ஒரு சாண் மேலே நிற்கும், இரண்டு இடத்தில் என்றால் இரண்டு சாண், மூன்றென்றால் மூன்று. ஒரு தண்ணீர் மோட்டார் பெட்டி ஏழு சாண் உயரத்தில் நின்றது. பேர், எடை, நிறம், குதிரைத்திறன் என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்து ஆறு சாண் இறக்கிவிட்டார்கள், ஏழாவது என்னவென்று பிடிபடவே இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், உத்தரவாதம் ஒரு பக்கம் இரண்டு வருஷம் என்றும் மறுபக்கம் இருபத்து நாலு மாதம் என்றும் எழுதியிருந்தது. பெட்டிகள் அவ்வளவு கறார்.

ஊர் எதற்குத்தான் பழகாது? தொங்குகிற பெட்டிகளின் நிழலில் ஆடுகள் படுத்தன, முடிதிருத்துகிறவர் ஒருவர் அரிசி மூட்டைக்கு அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார், தாய்மார்கள் பிள்ளைகளுக்கு சாண் கணக்கைக் கடைவீதியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், பேரூராட்சி ஆபீசில் இருந்து பஸ் போகிற பாதையில் எந்தப் பெட்டியும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்து நாலு பேர் கருவிகளோடு வந்து இரண்டு நாள் அளந்துவிட்டு, நன்றாகப் பரோட்டா சாப்பிட்டு, முடிவை எழுதி அனுப்புகிறோம் என்று சொல்லிப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். கல்யாணத் தரகர்கள் மட்டும் கொஞ்ச காலம் பயந்துபோய்த் திரிந்தார்கள், மாப்பிள்ளை வீட்டில் சொன்ன வயதும் பெண் வீட்டில் சொன்ன வயதும் ஒத்துவராமல் மணமேடையில் யாராவது மேலே எழும்பிவிட்டால் என்ன செய்வது என்று. நல்லவேளை, மனுஷர்களை அது தொடவில்லை. கடைக்காரர்களுக்குத்தான் மானப் பிரச்சினை. ‘தொங்கல் கடை’ என்று பேர் வாங்கிவிட்டால் அந்தக் கடைக்காரர் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசித்தார்கள்.

பாக்கியநாதன் அண்ணாச்சியின் பெரிய பலசரக்குக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருகிற பொருள் ஒவ்வொன்றுக்கும் பேர், எடை, சேர்மானம், கெடு தேதி என்று பதிவு எழுதிவைப்பது தங்கபுஷ்பத்தின் வேலை. வயது நாற்பத்து நாலு, குடற்புண்ணால் டீ, காப்பி தொடுவதில்லை, வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். மேற்கே அறுபது கிலோமீட்டரில் இருந்த மாசானம் மாவு மில்லில் அதே வேலையைச் செய்தவள் ராஜகனி. இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் தினமும் காலையில் லாரி வந்ததும் தங்கபுஷ்பம் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வாள்.

“பேரு?”

“ஏழுதானியச் சத்துமாவு.”

“எடை?”

“ஐநூறு கிராம்க்கா.”

“பெட்டிக்கு?”

“இருவத்தி நாலு.”

“சேர்மானம் சொல்லு.”

“கேப்பை, கம்பு, சோளம், கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, எள்ளு. ஏலக்காய் கொஞ்சம்.”

இப்படிப் பாராயணம் மாதிரி ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்லி, கடைசி வார்த்தை ஒத்துப்போகிற நேரத்தில் வாசலில் ‘தொப்’ என்றுகூடச் சத்தம் வராமல் பெட்டிகள் இறங்கும். தங்கபுஷ்பம் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பார்ப்பாள். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தி சொன்ன உண்மையும் இங்கே இவள் எழுதிய உண்மையும் சந்தித்துக்கொண்டதற்காகப் பன்னிரண்டு கிலோ எடை காற்றில் இருந்து இறங்கி வருகிறதே, இதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் என்ன இருக்கிறது என்று நினைப்பாள், உடம்பெல்லாம் சிலிர்க்கும், யாரும் பார்க்காதபோது ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வருவாள். அந்தக் காலத்தில் ராஜகனி ஒவ்வொரு விவரத்துக்கும் மில்லுக்குள் ஓடிப்போய் மாஸ்டரிடம் கேட்டு, மூட்டையைப் பார்த்து, தராசைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். நெற்றியில் மாவோடு நிற்கிறேன்க்கா என்பாள்.

ஆனால் நாளுக்கு எண்பது லாரி வர ஆரம்பித்தால் பாராயணத்துக்கு ஏது நேரம்? தங்கபுஷ்பம்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்தபோது தன்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தாள். கடையின் பதிவை அப்படியே ஒரு கோப்பாக ராஜகனிக்கு அனுப்பி, “இதையே நீ ஏத்திக்கோ, பாக்கெட்டுல அடிக்கிற எழுத்தும் இதுல இருந்தே போகட்டும்” என்று சொல்லிவிட்டாள். ஒரே எழுத்து இரண்டு பக்கமும் இருந்தால் ஒத்துப்போகாமல் எங்கே போகும்? பெட்டிகள் பூனைகள் மாதிரி லாரியில் இருந்து நேரே தரைக்கு வந்தன. மற்ற கம்பெனிகளுக்கும் அதையே செய்தாள். மூன்று வருஷம் அந்தக் கடை வாசலில் ஒரு பெட்டிகூடத் தொங்கவில்லை. அண்ணாச்சி ‘இங்கே தொங்காது’ என்று பச்சை எழுத்தில் போர்டு வைத்தார், வியாபாரிகள் சங்கத்தில் தங்கபுஷ்பத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் வாசலுக்குப் போய்ப் பார்ப்பதை நிறுத்தியது எப்போது என்று அவளுக்கே தெரியாது. ஊர் ஜனங்களும் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பதை, முகர்ந்து பார்ப்பதை, பிரித்துக் கையில் கொட்டிப் பார்ப்பதை எல்லாம் விட்டுவிட்டார்கள். பெட்டி இறங்கிவிட்டது அல்லவா, அப்புறம் என்ன சந்தேகம்.

பங்குனித் திருவிழாவுக்கு முந்தின வாரம் ராஜகனி போன் பண்ணினாள்.

“அக்கா, மாஸ்டர் இந்தத் தடவை மாவுல முந்திரிப்பருப்பும் சேத்து அரைச்சிருக்காரு. வாசம் நல்லாருக்குன்னு முதலாளி அப்படியே தொடரச் சொல்லிட்டாரு. நான் பதிவுல மாத்தட்டுமா?”

தங்கபுஷ்பத்துக்கு அன்று தலைக்கு மேல் வேலை. “நீ மட்டும் மாத்தினா இங்க தொங்கும்ட்டி. திருவிழா சரக்கு வாற நேரம். கொடியிறங்கட்டும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாத்திக்கிடுவோம்” என்றாள். ராஜகனியும் சரிக்கா என்றாள். கொடி இறங்கியது, இருவரும் மறந்துபோனார்கள். இரண்டு பதிவிலும் முந்திரி இல்லை, பாக்கெட்டின் மேல் அடித்த எழுத்திலும் முந்திரி இல்லை, பாக்கெட்டுக்குள் மட்டும் இருந்தது. பெட்டிகள் ஒரு சலனமும் இல்லாமல் தரையிறங்கிக்கொண்டிருந்தன.

அது ஒரு வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. தங்கபுஷ்பம் வழக்கம்போல பிளாஸ்கில் கொண்டுவந்த சத்துமாவுக் கஞ்சியை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். கடைவாய்ப் பல்லில் என்னவோ வழவழப்பாக நசுங்கியது. நாக்கால் தள்ளிக் கையில் எடுத்துப் பார்த்தாள். அரைபடாமல் தப்பிய முந்திரித் துணுக்கு, குன்றிமணி அளவுகூட இருக்காது. சிரித்துக்கொண்டே துடைக்கப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கரிசல்பேட்டையில் முந்திரி ஆகாத ஆள் ஒரே ஒருத்திதான் உண்டு, அவளைத் தெரியாதவர்களும் கிடையாது. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் தையல் கடை வைத்திருக்கும் மரகதவல்லி, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு கரண்டி பாயசம் சாப்பிட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பந்தியிலேயே சாய்ந்து, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து பிழைத்து வந்தவள். இப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

“அண்ணாச்சி, மரகதவல்லி நம்ம கடையில சத்துமாவு வாங்குதாளா?”

“ஒரு அரை மணி நேரம் முன்னாலதாம்மா வாங்கிட்டுப் போனா. நர்ஸம்மா கஞ்சி குடிக்கச் சொல்லியிருக்காங்களாம். முந்திரி கிந்திரி கிடக்காதேன்னு கேட்டா. பெட்டி தொங்கலையே தாயி, தைரியமாக் குடின்னேன்.” கல்லாவில் இருந்தபடியே பெருமையாகச் சொன்னார் அண்ணாச்சி.

தங்கபுஷ்பம் போனை எடுத்து மரகதவல்லிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தையல் மிஷின் ஓடினால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது, பின்பக்கம் அடுப்படியில் இருந்தால் போன் முன்னால் தையல் கடையில் கிடக்கும். நடந்தால் கால் மணி நேரம், வண்டியில் போனாலும் கேட் அடைத்திருந்தது, நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி சிக்னலுக்காக நின்று ஊதிக்கொண்டிருந்த சத்தம் கடைக்குள்ளேயே கேட்டது. கஞ்சி காய்ச்ச ஐந்து நிமிஷம் போதும். மில்லுக்குப் போட்டாள்.

“ராஜகனி, முந்திரி விஷயத்தை நாம எழுதாம விட்டுட்டோம். அது ஆகாத புள்ளத்தாச்சி ஒருத்தி வாங்கிட்டுப் போயிட்டா.”

அந்தப் பக்கம் மூச்சு நின்று திரும்ப வந்தது. “ஐயோ, அக்கா! நான் இப்பவே மாத்திருதேன், நீங்களும் மாத்துங்க, ஒரே நேரத்துல—”

“வேண்டாம்!” கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் தங்கபுஷ்பம். “நீ தொடாத. நான் மட்டும் மாத்துதேன். ரெண்டு பேரும் மாத்தினா ஒத்துப்போயிரும், எல்லாம் தரையிலயே கிடக்கும். ஒத்துவராமப் போகணும்ட்டி. நான் சொல்லுற வரைக்கும் நீ பொய்யிலயே நில்லு.”

இறங்கி, பிரித்து, விற்று, வீடு போய்ச் சேர்ந்த பொருள் மறுபடியும் எழும்புமா என்று யாருக்கும் தெரியாது. வேண்டுமென்றே ஒத்துவராமல் எழுதிப் பார்த்தவர்கள் கரிசல்பேட்டையில் அதுவரை ஒருவரும் இல்லை.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விஷயம் மெல்ல உறைத்தது. “தங்கம், என்ன செய்யப்போற? ஊரு பூராவும் நம்ம மாவு கிடக்கு. அத்தனையும் தொங்கினா நம்ம போர்டு என்னாகும், நம்ம பேரு என்னாகும்? வேற வழி பாரேன்” என்று எழுந்து வந்தார். தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள். தைரியமாகக் குடி என்று சொன்னது தன் வாய்தான் என்பது அந்தப் பார்வையில் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “எழுதும்மா. சீக்கிரம் எழுது” என்றார்.

சேர்மானம் என்ற கட்டத்தில் எள்ளுக்கும் ஏலக்காய்க்கும் நடுவில் முந்திரிப்பருப்பு என்று எழுதிச் சேமித்தாள்.

முதலில் அலமாரியில் அடுக்கியிருந்த பாக்கெட்டுகள் எழும்பின. பிறகு மூலையில் இருந்த பெட்டிகள். கூடையில் எடுத்துவைத்திருந்த ஒரு பாக்கெட் கூடையை விட்டு ஒரு சாண் மேலே வந்து நின்றது. தெருவில் இருந்து ஒரு சத்தம் வந்தது, அலறலும் இல்லை, சிரிப்பும் இல்லை, கோயிலில் திரை விலகும்போது கூட்டத்தில் இருந்து ஒரு சத்தம் வருமே, அது. ஊர் முழுவதும் மாவு எழும்பிக்கொண்டிருந்தது. டப்பாக்களில் மூடியை முட்டியது, மூடாத டப்பாக்களில் இருந்து வெளியே வந்து பழுப்பு மேகமாக நின்றது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சி சட்டியை விட்டுவிட்டு மேலே போய் அங்கேயே கொதித்தது. அதோடு நிற்கவில்லை. காலையில் கஞ்சி குடித்தவர்கள் எல்லோரும், குடித்த மாவு வயிற்றில் இருந்ததால், இருந்த இடத்தில் ஒரு சாண் மேலே எழும்பினார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் எழும்பி, எழுத்து ஒரு சாண் மேலே போனதைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். அங்கன்வாடியில் பதினாறு பிள்ளைகள் ஒன்றாக எழும்பிக் கைதட்டின. ரயில்வே கேட்டில் காத்திருந்த ஒரு பால்காரர் சைக்கிளோடு எழும்பினார். மனுஷர்களை அது தொடாது என்று எழுதிவைத்தது யார்? யாரும் பயப்படவில்லை. எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள், காலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெயிலைப் பார்த்தார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பமும் நாற்காலியை விட்டு எழும்பியிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. குடித்தவர்கள் எழும்புகிறார்கள் என்றால், மரகதவல்லி எழும்பியிருப்பாளா, தரையில் நிற்பாளா? தரையில் நின்றால் பிழைத்தாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஓட முடியவில்லை, உதைக்கத் தரை இல்லை. ஜன்னல் கம்பி, கரண்டுக் கம்பம், வேப்பமரம், நின்றிருந்த லாரியின் கொக்கி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பிடித்து இழுத்து இழுத்துத் தன்னை முன்னே தள்ளிக்கொண்டு போனாள். நகர்ந்துவிட்ட கூட்ஸ் வண்டிக்குப் பின்னால் கேட் திறந்தது. வழியில் கண்ணில் பட்ட ஒவ்வொருவர் காலையும் பார்த்தாள். எழும்பியவர்கள், எழும்பாதவர்கள், எழும்பியவர்கள், எழும்பியவர்கள். இத்தனை வீட்டுக்குள்ளா நான் எழுதியது போயிருக்கிறது, இத்தனை வயிற்றுக்குள்ளா, நான் ஒரு கட்டத்தில் ஒரு வார்த்தையை விட்டது இத்தனை பேர் ரத்தத்திலா ஓடுகிறது என்று அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அதே நேரத்தில், அந்த வெயிலில், அத்தனை ஜனமும் தன் ஒரு வார்த்தையின் மேல் நிற்பதைப் பார்க்க, ஆதியில் வாசலில் நின்று சிலிர்த்தாளே, அந்தச் சிலிர்ப்பும் முதுகில் ஏறியது. கும்பிட ஒரு கை ஒழியவில்லை. பிடியை விட்டால் காற்று வேறு பக்கம் கொண்டுபோய்விடும்.

தையல் கடையில் மிஷின் ஓடவில்லை. பின்பக்கம் அடுப்படிக் கதவு திறந்து கிடந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டினாள்.

மரகதவல்லி ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் டம்ளர் இருந்தது. தங்கபுஷ்பம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். நீலப் பாவாடையின் ஓரம் பாதத்தை மூடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

“மரகதம்” என்றாள். மறுபடியும், “மரகதம், திரும்பு.”

திரும்பினாள். பாவாடை விலகியது. கொலுசு போட்ட இரண்டு பாதங்களும், கர்ப்பத்தில் லேசாக வீங்கி, ஈரச் சிமெண்டில் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

“வாங்கக்கா” என்று மரகதவல்லி கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னாள். டம்ளர் காலியாக இருந்தது. உள்ளே இருந்த கஞ்சி மூக்குக்கு நேராக ஒரு உருண்டையாக நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. “ஆத்தி வாயில வைக்கப்போனேன் பாத்துக்கோங்க, அது பாட்டுக்கு மேல போயிட்டு. இது என்ன கூத்துக்கா? நீங்களும் ஏன் தொங்குதிய?”

“அதுல முந்திரி இருக்குட்டி. எனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதாம விட்டேன்.”

சொன்னதும் தங்கபுஷ்பத்தின் கை தளர்ந்து நிலையை விட்டுவிட்டது. அவள் அழுதுகொண்டே மெல்லக் கொல்லைப் பக்கம் மிதந்து போக ஆரம்பித்தாள். மரகதவல்லி கஞ்சியை ஒரு பார்வை பார்த்தாள், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் வந்தது, பயம் வந்தது, கண்ணீரும் வந்தது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டு வைத்து வந்து, மிதந்து போகிறவளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, தன் பக்கம் இழுத்து நிறுத்தினாள். தையல் வேலை பார்க்கிற கை, இரும்புப் பிடி.

“போன் போடுங்க. நானும் கேக்கணும்” என்றாள்.

தங்கபுஷ்பம் இன்னொரு கையால் போனை எடுத்தாள். ராஜகனி முதல் மணியிலேயே எடுத்தாள், அவள் குரலும் அழுதுகொண்டிருந்தது. கஞ்சி உருண்டை விழுந்தால் தரையில் சிதறாதபடி ஒரு சட்டியை அதன் கீழ் தள்ளிவைத்தாள் மரகதவல்லி, பிடித்த கையை விடாமல்.

“குடிக்கலட்டி. தரையில நிக்கா. இப்ப நீ மாத்து. சேர்மானம் சொல்லு, மொதல்ல இருந்து சொல்லு. இனிமே மாஸ்டரைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும், கேட்டியா?”

“கேட்டுட்டேன்க்கா. மில்லுக்குள்ள அவரு பக்கத்துலதான் நிக்கேன். கேப்பை, கம்பு, சோளம்…”

ராஜகனி நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், தங்கபுஷ்பம் ஒவ்வொன்றுக்கும் ஆமா சொன்னாள், மரகதவல்லி குனிந்து, காற்றில் நிற்கும் அந்த இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எள்ளு என்றாள் ராஜகனி. முந்திரிப்பருப்பு என்றாள். தெருவில் ஊர் மொத்தமும் கால் ஊன்றுகிற சத்தம் கேட்டது. தங்கபுஷ்பத்தின் குதிகால் சிமெண்டைத் தொட்டது, ஈரம் ஏறியது, உடம்பின் பாரம் முழுவதும் அவளிடம் திரும்பி வந்தது. மரகதவல்லி அப்போதும் கையை விடவில்லை.